புதுப்பிப்பு: யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், 0.5 கேஸ்கெட்டா, 0.8-ஆ?

சிலிண்டரை மறுபோர் செய்து (உள்ளே கடைந்து அகலமாக்கி), அதன் மேல்மூடியான ஹெட்டையும் லேத்தில் சீவிய பிறகு பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி 0.7 மி.மீ.தான் இருக்கிறது, அடி கேஸ்கெட்டை (சிலிண்டருக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு) 0.5-இலிருந்து 0.8 மி.மீ. ஆக்கலாமா என்று கேட்டிருந்தேன். பலரும் போடச் சொன்னீர்கள். போட்டேன்.

இடைவெளி 1.0 ஆனது, தட்டல் சத்தமும் நின்றது. ஆனால் நீடாமங்கலம் ரயில்வே கேட் திறந்ததும் (அந்தக் கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், யோசிக்க நேரம் நிறையக் கிடைக்கும்) வண்டி முதல் கியரில் முனகியது. பின்னால் ஒரு மூட்டை நெல் வேறு. பிறகுதான் உறைத்தது: அடி கேஸ்கெட் தடித்தால் சிலிண்டரே உயர்கிறது, அதிலுள்ள எக்ஸாஸ்ட் துளை (புகை வெளியேறும் வழி) முன்கூட்டியே திறக்கிறது. கீழ்வேகத்து இழுவை அங்கேதான் போனது.

மீண்டும் கழற்றினேன். அடியில் பழைய 0.5, மேலே 0.3 தடிமன் கூடிய ஹெட் கேஸ்கெட். இடைவெளி அதே 1.0, துளைகளின் நேரம் மாறவில்லை. சுமார் 50 மி.மீ. போருக்கு (சிலிண்டரின் உள்விட்டம்) இந்த 0.3 என்பது சுமார் 0.6 சிசி கூடுதல் இடம், அவ்வளவுதான்.

அளந்த விதம்: பிஸ்டனைக் கோக்கும் ‘பின்’ (pin) கிடக்கும் திசையில், பிஸ்டன் தலையின் இரு ஓரத்திலும் 1.5 மி.மீ. ஈயக்கம்பியைக் கிரீஸ் வைத்து ஒட்டி, ஹெட்டை முழுதாக முறுக்கி, எஞ்சினைக் கையால் ஒரு சுற்று. நசுங்கிய முனையைக் காலிப்பரில் பிடித்தால் போதும். வேறு திசையில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து பொய்க்கணக்கு காட்டும். முறுக்காத கேஸ்கெட்டின் தடிமனும் பொய்க்கணக்குதான். முதல் முறை நான் ஏமாந்தது அதில்.

நேற்று வெண்ணாற்றுப் பாலத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறியது.