செல்லுலார் சிறையில் உங்களுக்கு ஏதாவது நேர்ந்ததா?

அபர்தீன்வாசி:

அந்தமானின் போர்ட் பிளேருக்குக் குடியேறி நெடுநாளாகிவிட்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது. ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் முதலில் அழைத்துப்போவது, வெள்ளைக்காரன் விடுதலைப் போராட்டக்காரர்களை அடைத்து வைத்த செல்லுலார் சிறைக்குத்தான். கடற்காற்று, பள்ளிப் பிள்ளைகள், படம் எடுத்துக்கொள்ளும் புதுமணத் தம்பதிகள் என்று பகலில் அங்கே பயப்பட ஒன்றும் இருக்காது. ஒரு முறை மட்டும் அப்படி இல்லை.

மழைக்காலம். மூடும் நேரம் நெருங்கிவிட்டது. சித்தி வீட்டார் கீழே இறங்கிவிட்டார்கள். நான் மூன்றாம் தளத்தின் கோடியில் தனியாக நின்றிருந்தேன். பின்னால் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கதவோடு முடிவதில்லை. நீண்ட இரும்புப் பட்டையாகச் சுவரில் குடைந்த மாடம் வரைக்கும் போய் அங்கேதான் பூட்டப்படும். உள்ளே இருப்பவன் கம்பி வழியாக எவ்வளவு கையை நீட்டினாலும் எட்டாது. இரும்பு உரசிக்கொண்டு போய் மாடத்துக்குள் ‘டக்’கென்று விழுந்தது. சற்று விட்டு அடுத்த அறை. பிறகு அதற்கடுத்தது. வரிசையாக என்னை நோக்கி வந்தது. திரும்பிப் பார்த்தால் தாழ்வாரத்தில் ஈ காக்கை இல்லை. கதவுகள் எல்லாம் இருந்தபடியே இருந்தன.

கீழே வந்து காவலாளியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னோடு மேலே ஏறி, ஒரு தாழ்ப்பாளை இழுத்துக் காட்டி, “இந்தச் சத்தமா?” என்றார். இல்லை. அது துருப்பிடித்துக் கீச்சிட்டது. நான் கேட்டது, எண்ணெய் போட்டுத் தினமும் புழங்கும் தாழ்ப்பாளின் சத்தம்.

காற்று என்கிறார்கள் வீட்டில். 1906-இல் கட்டி முடித்தபோது நடுக் கோபுரத்திலிருந்து பிரியும் நீண்ட கட்டடங்களாக ஏழு சிறகுகள். ஒன்றின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்க்கும்படி, கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடாதபடி அமைத்தார்கள். இன்று நிற்பவை மூன்று. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பிய ஓசை என்றே வைத்துக்கொள்வோம். அது அறை அறையாக நடந்து வருமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சிறையைப் பற்றி வெள்ளைச் சேலை, கொலுசு என்றெல்லாம் கதை கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இங்கே செத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது. மாட்டைப் போலச் செக்கில் பூட்டி, நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தரச் சொன்னார்கள். அந்த வேலையைத் தாங்க முடியாமல் 1912-இல் வங்காளப் புரட்சியாளர் இந்து பூஷண் ராய் தம் துணியைக் கிழித்துத் தூக்குப் போட்டுக்கொண்டார். அங்கே யாராவது உலவுகிறார்கள் என்றால் அவரைப் போன்றவர்கள்தான்.

செவிலியர் மகள்:

அண்ணா, உங்களை நம்புகிறேன். இடித்த சிறகுகள் இருந்த பக்கம்தான் மருத்துவமனை. அம்மா அங்கே இரவுப் பணி பார்த்தவர். நள்ளிரவு தாண்டினால் சிறைப் பக்கத்து ஜன்னல் வழியாக இருமல் கேட்கும் என்பார். நோயாளியின் இருமல் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாதா? இது புரையேறி மூச்சுத் திணறுகிறவரின் இருமல். அந்தப் பக்கம் வார்டே இல்லை.

இந்தச் சிறைக் கைதிகள் 1933-இல் இருந்த உண்ணாவிரதத்தைப் பற்றி அம்மா பிறகுதான் தெரிந்துகொண்டார். வலுக்கட்டாயமாகக் குழாய் வைத்துப் பால் புகட்டியதில் மகாவீர் சிங்கின் நுரையீரலுக்குள் பால் போய்விட்டது. மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகியோரும் அந்த மே மாதமே இறந்தார்கள். உடல்களைக்கூடக் கடலில்தான் போட்டார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அம்மா பணிக்குப் போகும் நாளெல்லாம் அந்த ஜன்னலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார். பயத்தினால் அல்ல. “யார் பெற்ற பிள்ளைகளோ” என்பார்.

அபர்தீன்வாசி:

இருமல் பிறகு கேட்டதா, தங்கச்சி?

செவிலியர் மகள்:

கேட்டதாம் அண்ணா. ஓய்வு பெறும்வரை கேட்டதாம். அம்மாவும் தண்ணீர் வைப்பதை நிறுத்தவில்லை.

ஜங்லிகாட் பெரியவர் வீட்டு எதிர்வீடு:

எல்லாரும் வெள்ளைக்காரன் காலத்தையே பேசுகிறீர்கள். இந்தத் தீவிலேயே பிறந்தவர்களைக் கேட்டால் ஜப்பான்காரன் காலத்தைத்தான் சொல்வார்கள். தீவை அவர்கள் பிடித்து வைத்திருந்த 1942 முதல் 1945 வரை உள்ளே கிடந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். டாக்டர் திவான் சிங்கை உளவாளி என்று அடைத்து வதைத்தார்கள். 1944 ஜனவரியில் உயிர் போனது. அதே மாதம் 30-ஆம் தேதி ஹம்ஃபிரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் அப்போது சின்னப் பையன். அவருடைய அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. பல வருடங்கள் கழித்து, மின்சாரம் போன ஓர் இரவு சிறை வாசல் வழியாக நடந்து வந்தபோது உள்ளே யாரோ பெயர் கூப்பிடுவதும் ஆட்கள் குரல் கொடுப்பதும் கேட்டதாம். கேட்டவை எல்லாம் தெரிந்த வீட்டுப் பெயர்கள். அப்பாவின் பெயர் வரும் என்று மழையில் அப்படியே நின்றிருக்கிறார். வரவில்லை. இதை என்னிடம் சொல்லும்போது அவருக்குக் கை நடுங்கியது, அதுவும் பயத்தால் அல்ல.

வரும் ஜனவரி 30 அவரை ஹம்ஃபிரிகஞ்ச் நினைவிடத்துக்கு அழைத்துப்போகிறேன். வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.