குடும்பக் குழு: சித்தி வீட்டு வைஃபை

பாலக்கோடு சித்தி: கண்ணு, சாயங்காலம் ஆனால் நெட் நகரவே மாட்டேன் என்கிறது. மோடம் செட்டிங்கில் போய்ப் பார்த்தேன், ஏதேதோ பட்டியல் வருகிறது. கை வைக்கவே பயமாக இருக்கிறது.

நான்: பயப்படாதீர்கள் சித்தி. எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

பாலக்கோடு சித்தி: 11 காட்டுகிறது. எங்கள் வீட்டில் 3 போன், 1 டிவி. அவ்வளவுதான்!

நான்: பாஸ்வேர்டு எழுத்தா, எண்ணா? அதை இங்கே போட வேண்டாம்.

பாலக்கோடு சித்தி: கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் என் போன் நம்பரையே வைத்துவிட்டுப் போனார். மறக்காது என்றார்.

தர்மபுரி அண்ணன்: சித்தி, அந்த நம்பர் உங்கள் தையல் கடை போர்டிலேயே இருக்கிறதே.

அரூர் மாமா: வைஃபை பெயரை மறைத்துவிடு, போதும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நான்: மாமா, அதை நம்பி இருக்காதீர்கள். பெயரை மறைத்தாலும் நம் போன் இணையும்போது அது காற்றில் வெளியே போகும், பிடிக்கத் தெரிந்தவர் பிடித்துவிடுவார். உங்கள் மோடத்தில் செக்யூரிட்டி என்ற இடத்தில் என்ன இருக்கிறது?

அரூர் மாமா: டபிள்யூஇபி. பழைய மோடம்.

நான்: உடனே மாற்றுங்கள். டபிள்யூஇபி என்பது வைஃபையைப் பூட்டும் பழைய முறை, 1997-இல் வந்தது. 2001-லேயே அதன் ஓட்டையை ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். இன்று ஒரு லேப்டாப் இருந்தால் சில நிமிடத்தில் உடைத்துவிடலாம். அதைவிடப் புதிய பூட்டான டபிள்யூபிஏ2 இருந்தால் அதை எடுங்கள், கூடவே ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை. டிகேஐபி என்ற பழைய குறியாக்கம் வேண்டாம், அது வேகத்தையும் குறைக்கும். டபிள்யூபிஏ2 இல்லவே இல்லை என்றால் மோடத்தையே மாற்றிவிடுங்கள் மாமா.

பாலக்கோடு சித்தி: எனக்கு டபிள்யூபிஏ3 என்றும் இருக்கிறது. தாத்தா போன் பழசு, வேலை செய்யுமா?

நான்: 2018-இல் வந்தது அது, பழைய போன்கள் பலவற்றில் இணையாது. இரண்டும் சேர்ந்த கலப்பு முறை இருந்தால் அதை வையுங்கள். தாத்தா போன் அப்போதும் அடம்பிடித்தால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் போதும். ஆனால் பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும் சித்தி. டபிள்யூபிஏ2-இல் போன் இணையும் நொடியை ஒருவன் பதிவு செய்துகொண்டால், அப்புறம் அவன் தன் வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரை வைத்துப் பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டிருக்கலாம். செல் நம்பர் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடிதான், நல்ல கம்ப்யூட்டருக்குச் சில மணி நேர வேலை. போர்டைப் பார்த்தவருக்கு அதுகூடத் தேவையில்லை.

தர்மபுரி அண்ணன்: 63 எழுத்து வரை வைக்கலாம் சித்தி. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது நான்கைந்து வார்த்தைகளைச் சேர்த்து, தமிழை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். டைரியில் எழுதி வைத்தாலும் தப்பில்லை. வெளியே இருந்து வருபவன் டைரியைப் பார்க்கப் போவதில்லை.

நான்: பாஸ்வேர்டு அடிக்காமலே பட்டனாலோ பின் நம்பராலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் என்று ஒன்று இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க பின் நம்பரை மோடம் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது. 11,000 தடவை முயன்றால் கிடைத்துவிடும். மோடம் செட்டிங்குக்குள் நுழையும் பாஸ்வேர்டும் வேறு, அதையும் மாற்றுங்கள்.

பாலக்கோடு சித்தி: எல்லாம் சரி கண்ணு. பக்கத்து வீட்டுப் பாப்பா ப்ளஸ் டூ படிக்கிறாள், நம் வைஃபையில்தான் பாடம் பார்க்கிறாள். அவளுக்கு நிற்கக் கூடாது.

நான்: கெஸ்ட் நெட்வொர்க் என்று இருக்கும் சித்தி. அவளுக்கு அதைத் தனிப் பாஸ்வேர்டோடு கொடுங்கள். உங்கள் போன், டிவி பக்கம் அது வராது.

பாலக்கோடு சித்தி: முடிந்தது. இப்போது 5 தான் காட்டுகிறது, நம்முடையது 4, பாப்பா போன் ஒன்று. தாத்தா போனும் கலப்பு முறையிலேயே இணைந்துவிட்டது.

தர்மபுரி அண்ணன்: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் சித்தி, புது பாஸ்வேர்டு என்ன?

பாலக்கோடு சித்தி: வீட்டுக்கு வா, சொல்கிறேன்.