பழைய லேத்தைப் பிரிப்பதற்கு முன் அளந்து பாருங்கள்: பெங்களூர் வீட்டுப் பட்டறை அனுபவங்கள்

அல்சூர்வாசி எழுதியது:

பழைய லேத் (உலோகக் கம்பியைச் சுழற்றி உளியால் சீவும் கடைசல் இயந்திரம்) ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, பெயின்ட்டைச் சுரண்டி, புதிதாக அடிக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலானவர்களுக்குக் கை பரபரக்கிறது. பெயின்ட் கடைசி வேலை என்பது என் உறுதியான கருத்து. லேத் ஓடக்கூடிய நிலையில் இருக்கும்போதே அதன் ஒவ்வொரு அசைவையும் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டால், எது தேய்ந்திருக்கிறது, எது வெறுமனே தளர்ந்திருக்கிறது என்று பிரித்தறிய முடியும். கழற்றிப் போட்ட பிறகு அந்த விவரம் எங்கிருந்தும் கிடைக்காது.

என்னிடம் இருப்பது இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமை ஒட்டிய பீஸ்டனில் தயாரான மைஃபோர்டு எம்.எல்.7. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அறிமுகமான, மூன்றரை அங்குல மைய உயரம் (பெட் என்ற அடித்தளத்திலிருந்து சுழலும் அச்சின் மையம் வரை) கொண்ட சிறிய லேத் அது. வீட்டுப் பட்டறைக்கென்றே வடிவமைத்தது போன்ற அளவு. ஸ்ரீராமபுரத்தில் மூடப்படவிருந்த ஒரு லேத் பட்டறையில் கிடைத்தது. விற்ற பெரியவர் விலை பேசி முடித்த பிறகு, "தம்பி, ஸ்பிண்டிலுக்கு கிரீஸ் வெச்சுடாதீங்க, எண்ணெய் மட்டும்தான்" என்று இருமுறை சொல்லி அனுப்பினார். ஸ்பிண்டில் என்பது கம்பியைச் சுழற்றும் முக்கிய அச்சு. இந்த மாடலில் அது பந்து பேரிங்கில் ஓடுவதில்லை. வெள்ளீயத்தை அடிப்படையாகக் கொண்ட மிருதுவான வொயிட் மெட்டல் பேரிங்கில், சொட்டுச் சொட்டாக இறங்கும் மெல்லிய எண்ணெயின் படலத்தின் மேல் சுழல்கிறது. கிரீஸ் அடைத்துக்கொண்டால் அந்தப் படலம் உருவாகாது. பெரியவரின் ஒரு வாக்கியத்தில் அந்த லேத்தின் ஆயுள் ரகசியமே இருந்தது என்று நினைக்கிறேன்.

முதல் தடை ஸ்பேனர். நட்டுகள் அனைத்தும் பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் குடும்பத்தைச் சேர்ந்தவை. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண், போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கிறது. தாடையின் அகலத்தை அல்ல. கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் சுமார் 13.3 மில்லிமீட்டர். நம் வீட்டு 13 எண் ஸ்பேனர் அந்த நட்டில் ஏறாது, 14 எண் ஏறினாலும் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். அந்த மழுங்கல்தான் பழைய இயந்திரங்களில் நான் அதிகம் காணும் காயம். ஜாலி மொகல்லாவில் எடைக்குப் போடும் இரும்புக் குவியலைப் பொறுமையாகக் கிளறினால் இந்த ஸ்பேனர்கள் இன்னும் அகப்படுகின்றன; இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்பிண்டில். சக்கில் (ஸ்பிண்டிலில் மாட்டி, கம்பியைத் தாடைகளால் பிடிக்கும் பகுதி) தடித்த கம்பி ஒன்றை இறுகப் பிடித்து, ஸ்பிண்டிலின் மூக்கில் டயலை நிறுத்தி, கம்பியை மேலே நெம்பியபோது முள் கணிசமாக நகர்ந்தது. பேரிங்கே போய்விட்டது என்று முடிவுகட்ட அவசரப்படக் கூடாது. எம்.எல்.7-ல் பேரிங் மூடிக்கு அடியில், காகிதம் போன்ற உலோகத் தகடுகளை ஒட்டி உருவாக்கிய ஷிம் இருக்கிறது. தேய்மானத்தைச் சரிக்கட்டுவதற்காகவே தயாரிப்பாளர் வைத்தது. மூடியைக் கழற்றி, கத்தி முனையால் ஷிம்மின் ஓரத்தை நிமிண்டினால் ஒரே ஓர் அடுக்கு வெள்ளி நிறத்தில் சுருண்டு பிரிந்துவரும். இருபுறமும் சமமாக உரித்து, மூடியை மாட்டி, கையால் சுழற்றிப் பார்த்து, மறுபடி அளக்க வேண்டும். ஸ்பிண்டில் தடையின்றிச் சுழல வேண்டும், முள்ளும் அநேகமாக அசையாதிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக அமையும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

பெட் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எந்த லேத்திலும் பெட் சக்குக்கு அருகில்தான் அதிகம் தேய்ந்திருக்கும், ஏனெனில் அன்றாட வேலை எல்லாம் அங்கேதான் நடக்கிறது. டெயில்ஸ்டாக் (கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) முனை கிட்டத்தட்ட புதிதாகவே இருக்கும். ஆகவே சக்கின் அருகே கேரேஜ் (உளியைச் சுமந்து பெட்டின் மேல் ஓடும் பகுதி) ஆடுகிறதே என்று கிப்பை (அதன் தளர்வைச் சரிசெய்யும் பட்டையை) இறுக்கினால், அதே கேரேஜ் மறுமுனைக்குப் போகும்போது சிக்கிக்கொள்ளும். இதைக் கண்டு மனம் தளர்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: வெட்டும் உளி 0.1 மில்லிமீட்டர் செங்குத்தாகக் கீழிறங்கினால், 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியில் அதனால் வரும் விட்ட வேறுபாடு ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. அதே 0.1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால் விட்டம் 0.2 மில்லிமீட்டர் மாறிவிடும். பெட்டின் மேற்பரப்புத் தேய்மானத்தைவிடப் பக்க வழியின் (கேரேஜ் பக்கவாட்டில் உரசி ஓடும் பரப்பின்) தேய்மானமும் முறுக்கும்தான் நம் கவலைக்கு உரியவை. முறுக்கைச் சரிசெய்ய பெட்டைக் கழற்றவே வேண்டியதில்லை என்பதால் அங்கிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

என் வீடு பழைய வீடு. ரெட் ஆக்சைடு தரை, கண்ணுக்குச் சமமாகத் தோன்றினாலும் ரசமட்டம் வைத்தால் ஓடுகிறது. மரப் பெஞ்சின் மேல் லேத்தை வைக்க வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்தேன். ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூர் மழையின் ஈரத்தில் மரம் ஊதும், மார்ச்சில் சுருங்கும், அதோடு பெட்டும் முறுக்கிக்கொள்ளும். சி-சேனல் இரும்பில் ஸ்டாண்டு வெல்டிங் செய்து, நான்கு கால்களுக்கும் உயரம் மாற்றும் திருகு வைத்தேன். பிறகு செய்தது இரட்டை வளையச் சோதனை. சக்கில் பிடித்த கம்பி, டெயில்ஸ்டாக்கின் தாங்கல் இல்லாமல் ஒரு சாண் நீளம் வெளியே நிற்க வேண்டும். அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு வளையம் விட்டு நடுப்பகுதியைக் குறைத்துவிட்டு, உளியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் இரண்டு வளையங்களையும் ஒரே அமைப்பில் மிக மெல்லிதாகச் சீவி, மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். ஆழமாகச் சீவினால் கம்பியே வளைந்து பொய்க் கணக்குக் காட்டும். வெளி முனை பெருத்திருந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலைச் சிறிது உயர்த்த வேண்டும், சிறுத்திருந்தால் தாழ்த்த வேண்டும். வார்ப்பிரும்பால் ஆன அந்தக் கனத்த பெட், ஸ்பேனரின் கால் திருப்பலுக்குக் கட்டுப்பட்டு நகர்வதை மைக்ரோமீட்டரில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சாதாரணமானதல்ல.

ஜாலஹள்ளி ஃபிட்டர் எழுதியது:

தம்பி எழுதிய வரிசை சரியானது. 1953-ல் தொடங்கப்பட்ட அரசு இயந்திர ஆலையான எச்.எம்.டி.யில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஸ்கிரேப்பிங் (பரப்பைக் கையால் நுணுக்கமாகச் சுரண்டிச் சமப்படுத்துவது) பற்றி மட்டும் சேர்க்கிறேன். இயந்திரம் துல்லியமானதா என்பதை அதன் வடிவியலை அளந்தே தீர்மானிக்க வேண்டும் என்று பெர்லினைச் சேர்ந்த பேராசிரியர் ஷ்லெசிங்கர் 1927-ல் சோதனை முறைகளை நூலாகவே வகுத்துத் தந்தார்; எங்கள் தலைமுறை அந்த ஒழுக்கத்தில் வளர்ந்தது. பளபளப்பை யாரும் மதிப்பெண்ணாகக் கொண்டதில்லை.

உறவினர் ஒருவர் ஹரிஹரில் தயாரான பழைய மைசூர் கிர்லோஸ்கர் லேத்தை வாங்கி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். விற்றவர்கள் பெட்டை எமரித் தாளால் தேய்த்து மின்னச் செய்திருந்தார்கள். எமரித் துகள் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் பதிந்துகொண்டு, அதன் பிறகு கேரேஜ் ஓடும் ஒவ்வொரு முறையும் அரம்போல் அராவுகிறது. ஆகவே முதலில் மண்ணெண்ணெயும் துணியுமாகக் கழுவிக் கழுவித் துடைத்தோம், துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை. பிறகு கிராஸ் ஸ்லைடின் அடிப்பக்கத்தை எடுத்துக்கொண்டோம். சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமான சமதளப் பலகையில்) பிரஷ்யன் நீலத்தை விரலால் மூச்சளவு தடவி, ஸ்லைடை அதன்மேல் மெதுவாக அசைத்துத் தூக்கினால், உயர்ந்த இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். முதலில் இரு ஓரங்களில் மட்டுமே நீலம் தெரிந்தது, நடுவில் ஒன்றுமில்லை. நீலம் பட்ட இடத்தை ஸ்கிரேப்பரால் சுரண்டி, துடைத்து, மறுபடி தடவிப் பார்க்க வேண்டும். ஒரு சுரண்டலில் போவது சில மைக்ரான்தான். ஒவ்வொரு சுற்றிலும் சுரண்டும் திசையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பரப்பு அலையலையாகிவிடும். ஓர் அங்குலச் சதுரத்துக்குள் பதினைந்து புள்ளிகள் பரவலாகத் தெரிந்தால் வீட்டுப் பட்டறைக்கு அதுவே மிகுதி. அந்தப் பள்ளங்களில் எண்ணெய் தங்கும் என்பதும் ஒரு நன்மை.

பெட்டை மட்டும் வீட்டில் ஸ்கிரேப் செய்ய முயலாதீர்கள். அதற்குப் பெட்டின் நீளத்துக்கு நம்பகமான ஸ்ட்ரெயிட் எட்ஜ் (வளைவற்ற அளவுப் பட்டை) வேண்டும், பழகிய கையும் வேண்டும். தேய்மானம் வேலையைப் பாதிக்கும் அளவு இருந்தால் பீன்யாவில் பெட் கிரைண்டிங் செய்யும் பட்டறையில் கொடுப்பதே நல்லது. அப்படிச் செய்தால் கேரேஜ் சற்றுத் தாழ்ந்துவிடும் என்பதையும், கேரேஜை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்குரூவின் தாங்கிகளை அதற்கேற்பத் தாழ்த்த வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

தங்கவயல்காரர் எழுதியது:

துருவைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் சுருக்கமாக. கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்ட பிறகு எங்கள் ஊரில் பல வீடுகளில் நல்ல கருவிகள் கோணிப்பைக்குள் துருவேறிக் கிடந்தன. அப்படிக் கிடைத்த நான்கு தாடைச் சக் ஒன்றை மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்குக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் வாளியில் சலவை சோடா கரைத்த தண்ணீரில் மின்னாற்பகுப்பு முறையில் சுத்தம் செய்தேன். பேட்டரி சார்ஜரின் எதிர்முனை சக்குக்கு, நேர்முனை பழைய இரும்புத் தகட்டுக்கு. நேர்முனைக்கு எவர்சில்வர் தகட்டை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு எழும் என்பதால் வாளியை மொட்டைமாடியில் வைத்தேன். வெளியே எடுத்ததும் மேலே படிந்த கறுப்புப் பொடியைப் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, வெயிலில் சூடேற்றி, உடனே எண்ணெய் பூசிவிட வேண்டும். அரைமணி நேரம் விட்டால் செம்மஞ்சள் துரு மறுபடி பூத்துவிடும்.

ஃபிட்டர் ஐயாவிடம் ஒரு கேள்வி. சக்கின் தாடைகளும் முன்புறம் மணியின் வாய்போல் விரிந்து தேய்ந்திருக்கின்றன. தாடைகளை அதே சக்கில் இறுக்கிய நிலையில் உள்ளிருந்து கிரைண்டிங் செய்யலாமா, அல்லது புதுத் தாடை தேடுவதே முறையா?

ஜாலஹள்ளி ஃபிட்டர் எழுதியது:

கிரைண்டிங் செய்யலாம். தாடைகள் ஒரு வளையத்தையாவது உட்புறம் நோக்கி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். சும்மா விரித்து வைத்துக் கிரைண்டிங் செய்தால் கம்பியைப் பிடிக்கும்போது மீண்டும் சாயும். நான்கு தாடையும் தனித்தனியே நகர்வதால், ஒவ்வொன்றையும் மையத்திலிருந்து சம தூரத்தில் டயல் வைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டை ஈரத் துணியால் மூடிவிட்டுத் தொடங்குங்கள், கிரைண்டிங் தூசும் எமரித் துகளைப் போன்றதுதான்.