காரைக்குடி வீட்டில் வாடகைதாரர் காலி செய்யவில்லை, வழக்கும் நகரவில்லை: ஓடு மாற்றவாவது வழி உண்டா?

கேள்வி:
நாங்கள் வீட்டின் முன்பகுதியான முதற்கட்டில் குடியிருந்துகொண்டு, அதன் பின்னுள்ள இரண்டாங்கட்டை 2021-இல் வாய்ப்பேச்சாகவே ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டோம். பத்து மாத வாடகை நின்றுபோகவே, சென்ற ஆண்டு வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்தேன். உள்ளே விளக்கு எரிந்த நாளிலும் அழைப்பாணை ‘கதவு பூட்டியிருந்தது’ என்று திரும்பியது. பிறகு வாய்தா மேல் வாய்தா. இப்போது, வீட்டில் பங்காளிகள் நால்வருக்கும் பாத்தியம் இருக்க நான் ஒருத்தி மட்டும் வழக்குப் போட முடியாது என்கிறார்கள் வாடகைதாரர்கள்.

வழக்கைவிட வீடுதான் என்னை வருத்துகிறது. நாட்டு ஓடு சரிந்து, சென்ற ஐப்பசி மழையில் தேக்கு உத்தரத்தில் இறங்கிய நீர் கருந்தடமாக நிற்கிறது. விரலால் அழுத்தினால் மரம் அமுங்குகிறது. ஓடு மாற்ற வருபவர்களை ஏணி சாத்தவே விடுவதில்லை. தண்ணீரை நிறுத்திவிடலாம் என்கிறார் கொழுந்தனார். செய்யலாமா?

பதில் 1:
ஆச்சி, தண்ணீரையும் மின்சாரத்தையும் தொடவே தொடாதீர்கள். 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள, தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. இதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அவர்கள் பக்கம் போய்விடும். ஓடு மாற்றத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை: 17-ஆம் பிரிவின்படி 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, பகல் வேளையில் பழுதுபார்க்க உள்ளே செல்லலாம்.

மற்ற பங்காளிகள் ஆட்சேபிக்காதவரை கூட்டு உரிமையாளர் ஒருவரே காலி செய்யக் கோரலாம் என்பது உச்ச நீதிமன்றம் ஏற்ற நிலை. மூவரிடமும் சம்மதப் பிரமாணப் பத்திரம் வாங்கித் தாக்கல் செய்யுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாததும் அதே சட்டத்தின் 21(2)(அ) பிரிவில் காலி செய்விக்க ஒரு காரணமாகலாம்; சட்டம் நடைமுறைக்கு வந்தபின் தொடங்கிய உங்கள் வாடகைக்கு அது பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். மனு வாடகை பாக்கியை மட்டும் சொல்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள். தாமதத்தின் வேர் அங்கேயே இருக்கக்கூடும்.

பதில் 2:
என் வீடு கிராம ஊராட்சியில் இருப்பதால் அந்தச் சட்டம் பொருந்தாமல், சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் 15 நாள் அறிவிப்புக் கொடுத்து உரிமையியல் நீதிமன்றம் போனேன். அறிவிப்புக்குப் பின் வழக்கம்போல் வாடகை வாங்கி ரசீது கொடுத்தது, குத்தகை தொடர்கிறது என்று வாடகைதாரர்கள் வாதாட இடமளித்துவிட்டது. பணம் வாங்கினால் உரிமையை விட்டுக்கொடுக்காமல் வாங்குவதாக எழுதி வாங்குங்கள்.

கேட்டவர்:
மனுவில் பாக்கி மட்டுமே இருக்கிறது. திருத்த மனுப் போடச் சொல்லிவிட்டேன். ஒரு பங்காளி மலேசியாவில் இருக்கிறார்.

பதில் 1:
கோலாலம்பூர் இந்திய உயர் ஆணையகத்தில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்பட்டும்.

கேட்டவர்:
அப்படியே சொல்லியிருக்கிறேன். ஓடு மாற்றும் அறிவிப்பை இன்று காலை நேரில் கொடுத்து, நகலில் ஒப்பம் வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை ஆள் வருகிறார்கள்.