மேற்கு மாம்பலத்தில் 1986ஆம் ஆண்டு ஃபிளாட்: ரீடெவலப்மென்ட் வரும் என்று நம்பி வாங்கலாமா?

புதுவீடு_தேடுபவர்:

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய ஃபிளாட் விலைக்கு வந்திருக்கிறது. 1986இல் கட்டியது. 2 கிரவுண்டு மனை (4,800 சதுர அடி), தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும், மொத்தம் 12 வீடுகள். எல்லா வீடும் ஒரே அளவு, 620 சதுர அடி. பத்திரத்தில் யுடிஎஸ் (மனையில் இந்த வீட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு) 380 சதுர அடி என்று இருக்கிறது. முதல் மாடி. லிஃப்ட் இல்லை, கார் பார்க்கிங் இல்லை. விலை 65 லட்சம்.

அதே தெருவில் இரண்டு பழைய கட்டடங்களை இடித்துப் புது ஃபிளாட் எழும்புகிறது. அங்கே சதுர அடி 14,000 சொல்கிறார்கள். "இதுவும் ரெண்டு வருஷத்துல ஜாயின்ட் வென்ச்சருக்குப் போயிடும், உங்களுக்குப் புது வீடே கிடைச்சிடும்" என்கிறார் புரோக்கர். அதாவது பில்டர் இடித்துக் கட்டி, பழைய உரிமையாளர்களுக்கு ஆளுக்கொரு வீடு கொடுத்துவிட்டு மீதியை விற்றுக்கொள்வாராம். அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி? கட்டடத்திலும் பத்திரத்திலும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? அதுவரை நாங்கள் குடியிருக்கவும் வேண்டும். வீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சதுரஅடி_சென்னை:

முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ரோட்டை அளந்து வாருங்கள் சார். ரீடெவலப்மென்ட் நடக்குமா நடக்காதா என்பதைப் பாதிக்கு மேல் அந்த அளவுதான் தீர்மானிக்கும்.

காரணம் எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு. இந்தக் கட்டடங்கள் எழுந்த காலத்தில் 1.5. உங்கள் கட்டடம் 12 x 620 = 7,440 சதுர அடி, கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். 2019 கட்டட விதிகளில் அடிப்படை எஃப்எஸ்ஐ 2 ஆனது. அதற்கு மேல் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்எஸ்ஐக்கு ரோடு குறைந்தது 9 மீட்டர் (29 அடி 6 அங்குலம்) இருக்க வேண்டும். 9 முதல் 12 மீட்டர் வரை அடிப்படை அளவில் 30 சதவீதம் கூடுதல், 12 முதல் 18 வரை 40, அதற்கு மேல் 50.

உங்கள் மனைக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 3,000, விற்பனை 14,000 என்று வைத்துக்கொள்வோம்.

ரோடு 9 மீட்டருக்குக் குறைவு: மொத்தம் 9,600 சதுர அடி கட்டலாம். பழைய 12 பேருக்கும் 7,440ஐத் திருப்பிக் கொடுத்தால் பில்டர் விற்க மிஞ்சுவது 2,160. வரவு சுமார் 3.02 கோடி, கட்டும் செலவு 2.88 கோடி. 12 குடும்பத்துக்கும் மாதம் 20,000 வீதம் 24 மாத வாடகை கொடுத்தாலே 57.6 லட்சம். கை நட்டம்.

ரோடு 9 மீட்டருக்கு மேல்: 12,480 சதுர அடி. பில்டர் பங்கு 5,040, வரவு சுமார் 7.06 கோடி. செலவு 3.74 கோடி. வாடகை, பிரீமியம் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் போனாலும் நிற்கும்.

சேலபிள் ஏரியா (விற்கும்போது கணக்கில் காட்டும் பரப்பு) இதைவிடக் கொஞ்சம் கூடும் என்பதால் அசல் கணக்கு நகரும். ஆனாலும் ஒரே பகுதியில் ஒரு தெருவில் பில்டர் வரிசையில் நிற்பதும் பக்கத்துத் தெருவை எட்டிப் பார்க்காததும் இதனால்தான். குறுகலான தெருவில் உரிமையாளர்கள் ஆளுக்கு இத்தனை லட்சம் என்று கையிலிருந்து போட வேண்டும், இல்லையென்றால் சின்ன வீட்டுக்குச் சம்மதிக்க வேண்டும். பத்திரத்தில் "முப்பதடி ரோடு" என்று இருப்பதை நம்ப வேண்டாம். மனையின் முகப்பு முழுக்க நாலைந்து இடத்தில், சுவரிலிருந்து சுவர் வரை அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கண்ணில் பட்டது. எல்லாருக்கும் உங்களைப் போலவே என்றால் 380 x 12 = 4,560. மனை 4,800. மீதி 240 சதுர அடி யார் பெயரில் இருக்கிறது? அந்தக் காலத்தில் மனைக்காரரோ பில்டரோ மொட்டை மாடிக்கு என்று கொஞ்சம் தன் பெயரில் வைத்துக்கொள்வது உண்டு. அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் புதுக் கட்டடத்துக்கு ஒப்பந்தமே ஆகும்.

ஸ்ட்ரக்சுரல்_ஆள்:

ரோட்டை அளக்கப் போகும்போது கட்டடத்தையும் பாருங்கள். உங்கள் ஃபிளாட்டின் உள்ளே அல்ல. உள்ளே பெயின்ட் அடித்துத்தான் வைத்திருப்பார்கள். மொட்டை மாடி தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், சன்ஷேடு, மாடிப்படியின் அடிப்பக்கம், கீழ்வீட்டு பாத்ரூமின் சீலிங், இந்த நாலும் போதும்.

பூச்சில் வலை மாதிரி ஓடும் மெல்லிய விரிசல் பயப்பட வேண்டியதில்லை. தூணிலோ பீமிலோ கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல் இருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. சுத்தியலால் லேசாகத் தட்டினால் அங்கே உள்ளே காலியாக இருப்பது போல் சத்தம் வரும். அதன் மேல் சிமென்ட் பூசி மூடியிருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். உதிரும் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் மார்ட்டர் அல்லது மைக்ரோ கான்கிரீட் போட்டால்தான் ரிப்பேர்.

ஒரு பொறியாளரை அழைத்துப்போனால் பினாஃப்தலீன் சோதனை செய்யச் சொல்லுங்கள். புதிதாகக் கொத்திய கான்கிரீட்டில் தெளித்தால் நல்ல இடம் இளஞ்சிவப்பாகும். கம்பி இருக்கும் ஆழம் வரை நிறமே வரவில்லை என்றால் துருவைத் தடுக்கும் காரத்தன்மை போய்விட்டது. சோதனைக்கு ஆகும் பணம் 65 லட்சத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இந்தக் காலத்து இரண்டு மாடிக் கட்டடங்களில் பல, தூண் இல்லாமல் 9 அங்குலச் சுவரின் மேலேயே நிற்பவை. கிச்சனைப் பெரிதாக்குகிறேன் என்று மேல்வீட்டிலோ கீழ்வீட்டிலோ யாராவது சுவரை இடித்திருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள்.

அடுத்து மட்டம். ரோடு போடும்போதெல்லாம் ஏறி ஏறிப் பழைய கட்டடம் பள்ளத்தில் நிற்கிறது. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து ரோட்டின் நடுமட்டத்துக்கும் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடிக்கும், கடைசிச் சாக்கடைத் தொட்டி மூடிக்கும், மீட்டர் போர்டுக்கும் உயரம் பாருங்கள். சம்ப் வாய் ரோட்டைவிடத் தாழ்ந்திருந்தால் பெருமழையில் கழிவுநீர் குடிநீரில் கலக்கும். சம்ப் வாயை உயர்த்திக் கட்டுவதும், வெளியேறும் சாக்கடைக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் திரும்பி உள்ளே வராமல் தடுப்பது) வைப்பதும் பன்னிரண்டு வீடும் பகிர்ந்தால் சின்னச் செலவுதான். 2021 நவம்பர் மழையில் தி.நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. உங்கள் தெருவில் எது வரை நின்றது என்று புரோக்கரிடம் கேட்காதீர்கள், முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.

புதுவீடு_தேடுபவர்:

இருவருக்கும் நன்றி. இன்று அளந்தேன். அகலமான இடத்தில் 30 அடி, குறுகலான இடத்தில் 28 அடி 4 அங்குலம். தொட்டியின் அடியில் ஒரு இடத்தில் கம்பி வெளியே தெரிகிறது. தூண்களில் விரிசல் இல்லை. ஃபிளாட் யார் பெயரில் இருக்கிறதோ அவர் காலமாகிவிட்டார், விற்பது அவர் பிள்ளைகள். மகன் அமெரிக்காவில், மகள் பெங்களூரில். மகன் பவர் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) கொடுப்பாராம்.

சதுரஅடி_சென்னை:

28 அடி 4 அங்குலம் என்றால் 8.64 மீட்டர். இந்த நிலையில் பிரீமியம் எஃப்எஸ்ஐ கிடைக்கும் என்று நினைத்து ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். சர்வே வரைபடத்தில் ரோட்டின் அகலம் என்ன என்று பாருங்கள். அங்கே 9 மீட்டருக்கு மேல் இருந்து, எதிர்ச் சுவர் முன்னே வந்திருந்தால் வாதாட இடம் உண்டு, நாளாகும். இன்னொரு வழி, பின்பக்கத்து மனை அகலமான ரோட்டைப் பார்த்திருந்தால் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது. அதே தெருவின் பக்கத்து மனையைச் சேர்ப்பதால் ரோடு அகலமாகாது.

சம்மதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022 அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்டலாம். இங்கே 8 பேர். ஆனால் ஒருவர் நீதிமன்றம் போனாலும் வேலை தள்ளிப்போகும் என்பதால் பில்டர்கள் 12 கையெழுத்தையும் கேட்பார்கள். அசோசியேஷன் கூட்டக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். லிஃப்ட் வைக்கலாமா என்பதற்கே மூன்று வருடம் சண்டை ஓடியிருந்தால் ரீடெவலப்மென்டை மறந்துவிடலாம்.

என்றாவது ஒப்பந்தம் வந்தால் "இருக்கும் ஏரியாவைவிடக் கூடுதல்" என்ற வரியில் மயங்க வேண்டாம். புதுக் கட்டடத்தில் லிஃப்ட், காரிடார் எல்லாம் சேர்த்துத்தான் சூப்பர் பில்டப் அளவு சொல்வார்கள். கார்பெட் ஏரியாவை (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) அறை அறையாக எழுதி வாங்குங்கள்.

பத்திரம்_பார்த்து:

வாரிசு விஷயம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் வைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மா உயிருடன் இருந்தால் அவரும் பங்குதாரர்தான். எல்லா வாரிசும் கிரையப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். உயில் இருக்கிறது என்றால் அதைத் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

மகன் கொடுக்கும் பவர் இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்றோ அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று அந்த நாட்டு அரசு தரும் சான்று) செய்தோ வர வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். இந்த ஃபிளாட்டை விற்கும் அதிகாரம் கதவு எண், யுடிஎஸ் அளவோடு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிவின்போது பவர் கொடுத்தவருக்கு உயிர்ச்சான்றும் தேவைப்படும்.

இதில் பெரும்பாலோர் மாட்டுவது டிடிஎஸ், அதாவது விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் வாங்குபவர் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி. விற்பவர் உள்நாட்டில் வசித்தால் 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் சொத்துக்கு 1 சதவீதம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த 50 லட்ச வரம்பும் கிடையாது, 1 சதவீதமும் கிடையாது. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், மேலே சர்சார்ஜ், செஸ். மகனின் பங்குக்கு இப்படி, மகளின் பங்குக்கு அப்படி எனத் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். குறைவாகப் பிடித்தால் வருமான வரித் துறை கேட்பது வாங்கிய உங்களைத்தான். மகன் முன்கூட்டியே குறைந்த விகிதச் சான்றுக்கு விண்ணப்பித்து வாங்கித் தரட்டும். கிடைக்கும் வரை அட்வான்ஸைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 240 சதுர அடிக்கு, உங்கள் ஃபிளாட்டுக்கு மட்டும் வில்லங்கம் போடாமல் மனையின் சர்வே எண்ணுக்கு 1975 முதல் போடுங்கள். ஒவ்வொரு கிரையத்திலும் விற்ற யுடிஎஸ்ஸை ஒரு தாளில் கூட்டிக்கொண்டே வாருங்கள். 4,800க்கு எங்கே இடிக்கிறது என்பது தானாகத் தெரியும். பட்டா இன்னும் பழைய மனைக்காரர் பெயரிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கீகரித்த பிளானில் எத்தனை வீடு என்பதும் முக்கியம். 8க்கு அனுமதி வாங்கி 12 கட்டியிருந்தால் பல வங்கிகள் கையைவிரித்துவிடும்.

பணக்கணக்கு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 65 லட்சத்துக்கு 5.85 லட்சம். இதை வங்கிக் கடனில் சேர்க்க மாட்டார்கள். கடன் இந்தத் தொகைக்கு அதிகபட்சம் 80 சதவீதம், அதுவும் வங்கியின் மதிப்பீட்டில். வயதான கட்டடத்துக்கு மதிப்பீடு 55 லட்சம் என்று வந்தால் கடன் 44 லட்சம்தான். அப்போது கையில் சுமார் 27 லட்சம் வேண்டும். கட்டடத்தின் வயதைப் பார்த்துக் கடன் காலத்தையும் சுருக்குவார்கள். மாதத் தவணை ஏறும்.

ஸ்ட்ரக்சுரல்_ஆள்:

தொட்டியில் கம்பி தெரிகிறது என்றால் அந்த ரிப்பேர் பன்னிரண்டு பேர் செலவு. அசோசியேஷனில் பணம் இருக்கிறதா, ஃபிளாட்டின் பழைய பாக்கி ஏதாவது உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

குடியிருக்கப் போகிறீர்கள் என்பதால் இதுவும். பக்கத்தில் இடித்துக் கட்டும்போது பள்ளம் தோண்டினால் உங்கள் காம்பவுண்டு சுவர் சாயும், சுவரில் புது விரிசல் விழும். வேலை தொடங்கும் முன்பே எல்லாச் சுவரையும் அடிஸ்கேல் வைத்து, தேதி தெரியப் படமெடுத்து, அந்தக் கட்டடக்காரருக்கு அசோசியேஷன் பெயரில் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். பிறகு விரிசல் பழசா புதுசா என்ற பேச்சே எழாது. பள்ளத்தின் ஓரத்தை முட்டுக் கொடுத்துத் தாங்காமல் செங்குத்தாக வெட்டுகிறார்கள் என்றால் மழைக்குக் காத்திருக்காமல் அன்றே மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.