நிழல் முடிகிற இடத்தில் எடுத்த முகங்கள்

வெளிப்புறத்தில் முகப்படம் எடுப்பது என்றாலே மாலை வெயிலைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் உச்சி வெயிலில்தான் வந்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் நான் முதலில் தேடுவது, நிழல் எங்கே முடிகிறது என்பதை. அந்த விளிம்புக்கு ஓரடி உள்ளே ஆளை நிறுத்தி, முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினால் பாதி வேலை முடிந்துவிடும்.

நண்பகலில் ஒரு இளம் ஜோடியை எடுக்க வேண்டியிருந்தது. "வெயில்லயே எடுங்க, பளிச்சுன்னு வருமே" என்றார் அந்தப் பெண். சரி என்று இரண்டு இடத்திலும் நிற்க வைத்து எடுத்துத் திரையில் காட்டினேன். வெயிலில் எடுத்ததில் கண்குழிகள் இரண்டும் கறுத்து, மூக்கின் நிழல் உதட்டில் விழுந்திருந்தது. வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான்; அவ்வளவு சின்ன விளக்கு வெட்டினாற்போலத்தான் நிழல் போடும். கட்டட நிழலின் விளிம்பிலோ எதிரே இருக்கும் வானமும் வெயில் பட்ட தரையும் சேர்ந்து பெரிய விளக்காகிவிடுகின்றன. தரையிலிருந்து மேலே எழும் ஒளி தாடைக்கு அடியிலும் கண்குழிக்குள்ளும் போய்ச் சேர்கிறது. அந்தப் பெண்ணின் கண்ணில் வெள்ளையாக ஒரு பொட்டு மின்னியதைப் பார்த்த பிறகு, மீதிப் படங்களுக்கு அவரே கணவரை நிழலுக்குள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கேமராவுக்கும் அந்த இடம்தான் வசதி. ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்வு 100-இல், நேர் வெயிலில், எஃப்/16 என்ற சிறிய லென்ஸ் திறப்புக்கு ஷட்டர் ஏறக்குறைய 1/100 வினாடி திறந்திருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. பின்னணி மங்க வேண்டும் என்று எஃப்/2 என்ற பெரிய திறப்புக்குப் போனால் 1/6400 வினாடி வேண்டும். ஷட்டர் 1/4000-த்தோடு நின்றுவிடும் கேமராக்கள் நிறைய உண்டு. நிழலில் அதே எஃப்/2-க்கு 1/400 அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: நிழலில் விழுவது பெரும்பாலும் நீல வானத்தின் ஒளி. ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவில் நண்பகல் வெயில் 5500 என்றால் இது 7000-ஐத் தாண்டும்; எண் ஏற ஏற நீலம் கூடும். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பை நிழலுக்கு மாற்றாவிட்டால் முகம் நீலம் பூத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த அனுபவம் ஒரு பெரியவரோடு நடந்தது. கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டு கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, வெளிச்சம் கூசியது. வீட்டு வாசலுக்குச் சற்று உள்ளே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். முதுகுக்குப் பின்னால் இருட்டு, முன்னால் முற்றம். கண் கூசவில்லை, ஆனால் முகம் தட்டையாக இருந்தது. நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பினேன். ஒளி ஒரு கன்னத்தில் விழுந்து மறு கன்னத்தில் கரைந்தது, நெற்றிச் சுருக்கங்கள் எழுந்து வந்தன. "எங்க பார்க்கணும் தம்பி?" என்று கேட்டார். முகத்தை மட்டும் கொஞ்சம் வாசல் பக்கம் கொடுத்து எதிர்ச் சுவரைப் பார்க்கச் சொன்னேன். வாழ்நாளெல்லாம் கொத்தனாராக இருந்தவர். "ரசமட்டமே வைக்காம பூசியிருக்கான், பாருங்க" என்று கோபமாக ஆரம்பித்தார். நான் வேறெதுவும் சொல்லவில்லை, எடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் வீட்டில் மாட்டியிருப்பது அந்தக் கோபப் படத்தைத்தான்.

மரநிழல் வேறு கதை. இலைகளுக்கு நடுவே விழும் ஒளிப்புள்ளிகள் முகத்தைத் துண்டு துண்டாக்கும். இலையில் பட்டு வரும் ஒளியில் பச்சை ஏறும். ஒரு குழந்தை மரத்தடியை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தபோது, ஒளியைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் தட்டின் உள்ளே இருக்கும் ஒளி ஊடுருவும் திரையை அவள் அண்ணனிடம் கொடுத்துத் தலைக்கு மேல் பிடிக்கச் சொன்னேன். புள்ளிகள் மறைந்தன. பச்சையைப் பிறகு கணினியில் சரிசெய்தேன்.

இன்னொருவர் நல்ல கறுப்பு நிறம். "போட்டோல என் முகம் எப்பவும் சாம்பல் பூசின மாதிரியே வருது" என்றார். குறை அவர் முகத்தில் இல்லை. கேமராவின் ஒளி அளவி எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த முகம் சட்டத்தை நிறைத்தால் தேவைக்கு மேல் வெளுக்க வைக்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் முகத்தையே இருட்டாக்கிவிடும். அதனால் கன்னத்தை மட்டும் அளந்து, அளவி சொன்னதைவிட முக்கால் ஸ்டாப் அளவுக்கு ஒளியைக் குறைத்தேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). ஒளி பக்கவாட்டிலிருந்து வரும்படி அவரை நிறுத்தி, மறுபக்கம் ரிஃப்ளெக்டரின், ஒளியைத் திருப்பாத கறுப்புப் பக்கத்தை வைத்தேன். கன்ன எலும்பில் ஒரு பளபளப்பு வந்தது. கறுத்த தோலின் அழகே அந்த மினுக்கம்தான். அதை வெளுப்பாக்கிக் கொடுப்பதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். அடுத்த முறை தன் தங்கையையும் கூட்டிவந்தார்.

மேகமூட்டத்தை எளிது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒளி மென்மைதான், ஆனால் மேலிருந்தே வருவதால் கண்குழி இருண்டுதான் இருக்கும். முகவாயைச் சற்று உயர்த்தச் சொல்லி, மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தால் போதும்.

அப்புறம், மாலை வெயில். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக, மணிக்கு 15 டிகிரி வேகத்தில் இறங்கும். அடிவானத்துக்கு மேல் 6 டிகிரி என்பது வெறும் 24 நிமிடம். அதனால் நிழலோரப் படங்களை முன்பே முடித்துவிட்டு, அந்த நேரத்தைப் பின்னொளிப் படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

கண்ணாடி அணிந்தவர்களைப் பற்றி நீங்கள் சொல்ல வேண்டும். வானம் கண்ணாடியில் தெரிந்தால் முகவாயைத் தாழ்த்தச் சொல்லி, காதுப்பக்கக் கம்பியைச் சற்று உயர்த்திவிடுகிறேன். வெயிலில் கறுக்கும் வகைக் கண்ணாடிகள்தான் சிக்கல். புற ஊதாக் கதிர் நிழலிலும் இருப்பதால் அங்கேயும் கறுத்துவிடுகின்றன. இப்போதைக்கு வீட்டுக்குள் உட்கார வைத்துப் பேசிவிட்டு, வெளியே வந்ததுமே முதல் படங்களை எடுத்துவிடுகிறேன். வேறு வழி வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.