'காரிடார் ஆஃப் மிரர்ஸ்' நல்ல பிரதி எங்கே கிடைக்கும்?
நண்பர்களே, 1948-இல் வந்த இந்த பிரிட்டிஷ் படத்தின் தெளிவான பிரதியைத் தேடுகிறேன். டெரன்ஸ் யங் இயக்கிய முதல் படம். கிறிஸ்டோஃபர் லீ முதன்முதலில் திரையில் தலைகாட்டியதும் இதில்தான். பழைய ஓவியத்தில் இருக்கும் பெண்ணையே நினைத்து வாழும் ஒருவன், அதே முகச்சாயலில் ஒருத்தியைப் பார்த்ததும் முற்பிறவிக் காதலி இவள்தான் என்று நம்பிவிடுகிறான். வரிசையாகக் கண்ணாடிக் கதவுகள், அவற்றுக்குப் பின்னால் பழங்கால உடையில் நிற்கும் பொம்மைகள்... அந்த நடைக்கூடம் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எரிக் போர்ட்மேன் நடிப்பும் அப்படித்தான்.

நான் பார்த்த பிரதியில் இருட்டுக் காட்சிகள் எல்லாம் ஒரே கறுப்பு, வசனமும் அமுங்கிக் கேட்கிறது. ஆங்கில சப்டைட்டிலோடு நல்ல டிவிடியோ புளூரேவோ வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், இதே மாதிரி கடந்தகாலத்தை விடமுடியாமல் தவிக்கும் பழைய காதல் படங்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள். 'ரெபெக்கா' பார்த்துவிட்டேன்.